கொசுவலைக்குள் ஒரு கீபோர்டு

திருமங்கலத்தில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன். காதுகுத்துக் குழந்தை, சடங்கான பிள்ளை, கல்யாண மாப்பிள்ளை, அவனுக்குப் பின்னால் கூலிங்கிளாஸ் போட்டு நிற்கும் சேக்காளிகள், எல்லாருடைய முகமும் என் கைவழியாகத்தான் போகும். கம்ப்யூட்டரில் வெட்டி, கொஞ்சம் வெளுப்பாக்கி, பின்னால் ஒரு அருவியோ சிங்கமோ வைத்து அனுப்புவேன். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். தமிழ் டைப் அடிக்க வந்ததே இந்தக் கடையில்தான். அதனால் நான் எழுதினால் எல்லாமே கொஞ்சம் பெரிய எழுத்தில் வந்து விழும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அண்ணனின் முகத்தையும் நான்தான் வெட்டினேன். போன ஐப்பசியில் டெங்குக் காய்ச்சலில் அவன் போய்விட்டான். கடை ஓனர், "நீ வேணாம் பாப்பா, நான் பண்ணிக்கிறேன்" என்றார். நான் கேட்கவில்லை. அவரிடம் விட்டால் பழக்கதோஷத்தில் வெளுப்பாக்கிவிடுவார். என் அண்ணன் நல்ல கறுப்பு. அப்படியே இருக்கட்டும் என்று நானே உட்கார்ந்து செய்தேன். மெஷினில் பிரிண்ட் ஓடத் தொடங்கிய பிறகுதான் அழுகை வந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதற்கு மேல் சொல்லப்போவதில் பாதி சிரிப்பாகத்தான் இருக்கும்.

அண்ணன் ஒரு ராக் பேண்டில் கீபோர்டு வாசித்தான். இதை ஊரில் சொன்னால் கல்யாண ஊர்வலத்தில் சிவப்புச் சட்டை போட்டு வரும் பேண்டு செட் என்று நினைத்துக்கொண்டு, "நம்ம வீட்டு விசேசத்துக்கு வருவாங்களா?" என்று கேட்பார்கள். நான் சரி, சொல்கிறேன் என்று சொல்லிவிடுவேன். விளக்கப் போனால் பஸ் போய்விடும்.

பேண்டில் நாலு பேர். பாடுகிற அண்ணன் கோச்சடைக்காரர். பகலெல்லாம் பைக்கில் வீடு வீடாகப் பார்சல் கொடுக்கிற வேலை. கிதாரும் அவர்தான். டிரம்ஸ் அண்ணனுக்கு டி. கல்லுப்பட்டி. அவருடைய அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் கிளார்க். சர்ச்சில் வாசித்துப் பழகிய கை என்பதால் எவ்வளவு வேகமாக அடித்தாலும் ஒரு மரியாதையோடு அடிப்பார். பேஸ் கிதார் வாசிக்கிற அண்ணன் திருமங்கலத்தில் டிராக்டர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் நிற்கிறார். அவர் பேசி நாம் கேட்பது அபூர்வம். "ம்" என்பதையே யோசித்துத்தான் சொல்வார். நாலாவது ஆள் என் அண்ணன்.

அவர்கள் பழகுகிற இடம் கல்லுப்பட்டி ரோட்டில் தகரக் கூரை போட்ட ஒரு குடோன். டிரம்ஸ் அண்ணனுடைய மாமாவுக்குச் சொந்தம். மக்காச்சோளமும் பருத்தியும் வருகிற மாதங்களில் கூரை வரைக்கும் மூட்டை நிற்கும். மற்ற மாதங்களில் காலி. காலிக் குடோனுக்குள் ஒரு தடவை கையைத் தட்டினால் நாலு பேர் சேர்ந்து தட்டுவது போலக் கேட்கும். அவர்களுடைய சத்தமே அங்கேதான் பிறந்தது. மூட்டை ஏறிவிட்டால் அத்தனை எதிரொலியையும் சாக்கு குடித்துவிடும். அப்போது வாசித்தால், போர்வைக்குள் வாயை வைத்துப் பேசுவது போல இருக்கும். "குடோன் காலியாகட்டும், புதுப் பாட்டு போடலாம்" என்பார்கள். வெள்ளாமையைப் பார்த்துப் பாட்டுப் போடுகிற ராக் பேண்ட் வேறு எங்கேயாவது இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பாட்டுகள் எப்படி இருக்கும் என்று சொல்லிப் பார்க்கிறேன். முதலில் கீபோர்டில் ஒரே ஒரு சுரம் ம்ம்ம் என்று நிற்கும். போகாது, வராது, நிற்கும். அப்புறம் கிதாரில் ஒரு தட்டு. அந்தத் தட்டு கூரைக்குப் போய், சுவருக்குப் போய், திரும்பி வருவதற்குள் அடுத்த தட்டு. டிரம்ஸ் எங்கேயோ பக்கத்துத் தெருவில் கேட்கும். பாடுகிறவர் வாயைத் திறக்க ரொம்ப நேரமாகும். அறுப்பு முடிந்த காட்டில் மத்தியானம் நின்றால், நாலுவழிச் சாலையில் லாரி போகிற சத்தம் வருமே, லாரி கண்ணுக்குத் தெரியாது, சத்தம் மட்டும் வெயிலோடு சேர்ந்து நெளியும், கிட்டத்தட்ட அப்படி. இணையத்தில் அவர்கள் போட்ட முதல் பாட்டுக்குக் கீழே யாரோ முகம் தெரியாத ஒருவர், 'கரண்ட் இல்லாத வீட்டில் ஃபேன் போட்ட மாதிரி இருக்கு' என்று எழுதியிருந்தார். அதை அண்ணன் என்னிடம் ஏழெட்டுத் தடவையாவது படித்துக் காட்டியிருப்பான்.

அந்த ம்ம்ம் சத்தத்துக்குப் பின்னால் ஒரு சங்கதி இருக்கிறது. சுரம் விடாமல் நிற்கவேண்டுமானால் விரலைக் கட்டையிலிருந்து எடுக்கவே கூடாது. ஆனால் அண்ணனுக்கு இரண்டு கையாலும் வேறு வேலை இருக்கும். அதனால் கட்டையை அழுத்திவிட்டு, அதற்கும் பக்கத்துக் கட்டைக்கும் நடுவில் ஒரு புளியங்கொட்டையைச் செருகிவிடுவான். கட்டை அழுந்தியபடியே நிற்கும். எங்கள் வீட்டில் புளியங்கொட்டைக்குப் பஞ்சமில்லை. அம்மாவின் தொழிலே புளி உடைத்துக் கொட்டை எடுத்துக் கொடுப்பதுதான். கொட்டை மெலிந்தால் நழுவும், தடித்தால் உள்ளே போகாது. பொருத்தமானதைப் பொறுக்கிக் கொடுப்பது என் வேலை. குடோனில் அவன் பக்கத்தில் நின்று, அவன் கண்ணைக் காட்டியதும் செருகுவது, எடுப்பது எல்லாம் நான்தான். எந்தப் பாட்டுக்கு எந்தக் கட்டை என்பது எனக்குத் தூக்கத்திலும் தெரியும். அவன் கை போகிற போக்கைப் பார்த்துப் பார்த்து மற்றதையும் வாசிக்கப் பழகிவிட்டேன்.

அண்ணன் போன பிறகு அம்மா இரண்டு காரியம் செய்தாள். ஒன்று, கடைக்குப் போய் ஒரு கொசுவலை வாங்கி வந்தாள். இரண்டு, கீபோர்டை அவனுடைய கட்டிலில் படுக்கவைத்து, போர்வை போர்த்தி, மேலே அந்தக் கொசுவலையைக் கட்டினாள். பொழுது சாய்ந்தால் வலையை இறக்கிவிடுவாள், விடிந்தால் தூக்கிச் சொருகுவாள். நானும் அவளும் கீழே பாயில்தான் படுத்தோம். வலைக்கு வெளியே எங்களைக் கொசு பிடுங்கியது. ஒரு நாள் நான், "ம்மா, கீபோர்டக் கொசு கடிக்காதும்மா" என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே சிரித்ததற்காக அழுதாள். அதற்குப் பிறகு நான் அதைப் பற்றிப் பேசவில்லை.

பேண்டு அண்ணன்மார் மூன்று பேரோடும் அம்மா பேச்சை விட்டிருந்தாள். காய்ச்சலோடு அண்ணன் குடோனுக்குப் போய் வந்தான் என்பது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. காய்ச்சல் என்று அவன் யாரிடமும் சொல்லவில்லை. அவர்களிடமும் சொல்லவில்லை, எங்களிடமும் சொல்லவில்லை. அவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது அந்த மூன்று பேர்தான். ஆனாலும் அம்மாவுக்கு யாரையாவது குற்றம் சொல்ல வேண்டியிருந்தது. அவர்களும் அதைக் குனிந்து வாங்கிக்கொண்டார்கள்.

பங்குனியில் குடோன் காலியானது. அதே சமயத்தில், கோச்சடையில் ஒரு மண்டபத்தில் புதுப் பேண்டுகளை மட்டும் கூப்பிட்டு ஒரு நிகழ்ச்சி நடத்துகிறவர்கள் அந்த இணையப் பாட்டைக் கேட்டுவிட்டு இவர்களைக் கூப்பிட்டார்கள். அவர்களுக்கு அதுதான் முதல் மேடை. சர்ச்சிலிருந்து ஒரு புதுக் கீபோர்டு இரவல் வாங்கிப் பழகிப் பார்த்தார்கள். நானும் போய்க் கேட்டேன். ஒட்டவில்லை.

"எல்லாம் பளபளன்னு இருக்கு பாப்பா," என்றார் பாடுகிற அண்ணன். "நம்மாளு கீபோர்டுல ஒரு தூசி இருக்கும்ல, அது இதுல வரல."

உண்மைதான். எங்கள் கீபோர்டு ஒரு தடவை மழையில் நனைந்தது. அதிலிருந்து அந்தச் சுரத்துக்கு அடியில் ஒரு கரகரப்பு ஓடும்.

"அது மட்டும் கெடச்சா நீயே வாசிச்சிரலாம். ஒனக்குத்தான எல்லாம் தெரியும்" என்றார் டிரம்ஸ் அண்ணன். பேஸ் அண்ணன் தலையை ஆட்டினார். அவர் தலையை ஆட்டினால் அது முடிந்த முடிவு.

எனக்கு ஆசையாக இருந்தது. அண்ணன் போய் ஆறு மாதத்தில் இப்படி ஆசைப்படுகிறோமே என்று கூச்சமாகவும் இருந்தது. ஆசை அதைக் கேட்கவில்லை. கீபோர்டு வராவிட்டால் மேடையே வேண்டாம் என்று சொல்லிவிடுவதாக அவர்கள் பேசி வைத்திருந்தார்கள். அதனால் மூன்று பேரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை தலைக்கு எண்ணெய் தேய்த்து, படிய வாரிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். ராக் பேண்ட் எண்ணெய் தேய்த்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அம்மா புளி உடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அத்தே," என்றார் பாடுகிற அண்ணன், "கோச்சடைல ஒரு புரோகிராம் வந்துருக்கு. அந்தக் கீபோர்டு…"

"அது எங்கிட்டும் வராது."

"ஒரே ஒரு நாளுத்தே. பத்திரமாக் கொண்டாந்து…"

"நீங்க பத்திரமாக் கூட்டிட்டுப் போனதெல்லாம் போதும்யா. போயிட்டு வாங்க."

போயிட்டு வாங்க என்று மரியாதையாகச் சொன்னதுதான் அவர்களைக் கொன்றுவிட்டது. முன்னெல்லாம் அவர்களைப் பார்த்தாலே "கட்டையில போறவய்ங்களா, சாப்பிட்டீங்களாடா?" என்றுதான் ஆரம்பிப்பாள். அண்ணன் போனதிலிருந்து அந்த வசவு அவள் வாயில் வருவதே இல்லை. வாய் வரைக்கும் வரும், விழுங்கிவிடுவாள்.

அப்படியும் அவர்கள் நிகழ்ச்சியை உடனே வேண்டாம் என்று சொல்லவில்லை. அத்தை மனசு மாறும் என்று ஒரு நம்பிக்கை. போஸ்டராவது அடித்து வைப்போம் என்று எங்கள் கடைக்கு வந்தார்கள். பாடுகிற அண்ணன் எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தார். கறுப்பு வெள்ளைப் படம். மூன்று பேரும் கண்ணை மூடித் தலையைக் கொஞ்சம் தொங்கப்போட்டிருக்கிறார்கள். பின்னால் பனிமூட்டம். நாலாவது ஆள் நிற்க வேண்டிய இடத்தில் வெறும் பனி மட்டும். அது அண்ணனுடைய இடம் என்று எனக்குச் சொல்லாமலே தெரிந்தது. கீழே தேதி, மாலை நாலு மணி, கோச்சடை, மண்டபத்தின் பெயர். பேண்டின் பெயர் ஒரு மூலையில் எறும்பு ஊர்கிற மாதிரி.

நான் பார்த்ததும் சொன்னேன். "அண்ணே, கலர்ல போடுவோம்ணே. நம்மூர்ல இது வேற மாதிரி ஆகிப்போகும்."

"இது ஒரு ஃபீல் பாப்பா. எங்க சத்தம் எப்பிடியோ அப்பிடி இருக்கணும் படம்."

ஓனர் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். "தம்பி, கலரே இல்லாம இந்தக் கடைல நான் அடிச்சது பூராம் சாவு ஃப்ளெக்ஸ்தான். ஒரு ரோசாப்பூவாச்சும் வைங்க."

"வேணாம்ணே."

"பேர் யாருக்குமே தெரியல. தேதியும் நேரமும்தான் தெரியுது. எடுக்குற நேரம் மாதிரி."

"அண்ணே, ஒலகம் பூராம் பேண்டு போஸ்டர் இப்பிடித்தாண்ணே இருக்கும்."

"ஒலகம் இருக்கட்டும்பா, விலக்குல கட்டப்போறது யாரு?" என்று முனகியபடி ஓனர் மெஷினைப் போட்டார்.

எங்கள் ஊர் விலக்கு என்பது பஸ் நிற்கிற முக்கு. ஒரு டீக்கடை, ஒரு வேப்பமரம், ஃப்ளெக்ஸ் கட்ட இரண்டு கம்பம். வியாழக்கிழமை விடிந்ததும் பேஸ் அண்ணன் அங்கே ஒன்றைக் கட்டினார். கல்லுப்பட்டியில் டிரம்ஸ் அண்ணன் வீட்டுத் தெரு முனையில் ஒன்று. கட்டிவிட்டு மூன்று பேரும் லீவு போட்டுக் குடோனுக்குப் பழகப் போய்விட்டார்கள்.

முதலில் கல்லுப்பட்டியில்தான் பற்றிக்கொண்டது. பந்தல் போடுகிறவர் டிரம்ஸ் அண்ணனின் அப்பாவிடம் வந்து, குரலை இறக்கி, "சார், சேர் எத்தன வேணும்?" என்று கேட்டிருக்கிறார். அவருக்குப் பின்னால் தெருவில் நாலைந்து பேர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ஒருவர் கையில் ரோஜா மாலை.

"எதுக்குங்க சேர்?"

"தம்பிக்குத்தான் சார்…"

"அவன் உள்ள தூங்குறான்."

"ஆமா சார்," என்று பந்தல்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டாராம். "தூங்குற மாதிரிதான் சார் இருக்கும். மனச விட்ராதீங்க."

கடுப்பாகி, "வந்து பாருங்கய்யா" என்று அவர் அறைக் கதவைத் திறந்திருக்கிறார். கட்டில் காலி. டிரம்ஸ் அண்ணன் விடியவே கிளம்பிப் போனது அவருக்குத் தெரியாது. அதற்கப்புறம் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஃபோனை எடுத்தார். குடோனில் டிரம்ஸ் அடித்துக்கொண்டிருக்கிறவருக்கு ஃபோன் எங்கே கேட்கும்?

இங்கே அம்மா, உடைத்த புளியைத் திருமங்கலத்தில் கொடுத்துவிட்டுப் பஸ்ஸில் வந்து விலக்கில் இறங்கியிருக்கிறாள். டீக்கடையில் கூட்டம். ஒருவர், "போன வருசம் ஒருத்தன் போனான். இப்ப மிச்சம் மூணையும் கூப்பிட்டுக்கிட்டான் பாரு" என்று சொல்ல, அம்மா நிமிர்ந்து பார்த்திருக்கிறாள். மூன்று முகம், கறுப்பு வெள்ளை, கண் மூடியிருக்கிறது. பக்கத்தில் காலியாக ஒரு இடம்.

டீக்கடை அண்ணன்தான் எனக்கு ஃபோன் போட்டார். "ஏம்மா, ஒங்கம்மா மாருல அடிச்சுக்கிட்டு ஆட்டோல ஏறிருச்சு. குடோன் குடோன்னுச்சு. என்னாச்சு, வண்டி கிண்டி கவுந்துருச்சா?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகலண்ணே! அது பாட்டுக் கச்சேரிண்ணே!"

"பாட்டுக் கச்சேரியா? அதுக்கு ஏன் இம்புட்டுச் சோகமா நிக்கிறாய்ங்க?"

ஓனரின் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பறந்தேன். அம்மாவுக்கு அந்த மூன்று பேருடைய வீடு தெரியாது. குடோன் மட்டும்தான் தெரியும். முன்னொரு நாள் சாப்பிட வராத அண்ணனைத் தேடித் தூக்குவாளியோடு வந்திருக்கிறாள். அதனால் அங்கேதான் ஓடியிருக்கிறாள். நான் போய்ச் சேரவும் ஆட்டோ நிற்கவும் சரியாக இருந்தது. நான் "ம்மா, ம்மா" என்று கத்துவது அவள் காதில் விழவே இல்லை. தகரக் கதவை இரண்டு கையாலும் அறைந்தாள்.

கதவு திறந்தது. பாடுகிற அண்ணன் நின்றார். கன்னம் உப்ப எலுமிச்சைச் சாதம். கையில் பொட்டலம்.

அம்மா அவர் முகத்தைத் தொட்டுப் பார்த்தாள். நெற்றி, கன்னம், காது, எல்லாம்.

"உசுரோட இருக்கியாடா?"

"ம்… இருக்கேன்த்தே."

பளார் என்று ஒரு அறை. எலுமிச்சைச் சாதம் என் மேலெல்லாம் தெறித்தது. "எங்கடா மத்த ரெண்டு பேரும்?"

உள்ளே டிரம்ஸ் அண்ணன் ஃபோனில், "யப்பா, நான் சாகலப்பா, சத்தியமாச் சாகலப்பா, யாருப்பா சேர் போட்டது?" என்று கத்திக்கொண்டிருந்தார். மூலையில் இருந்த பேஸ் அண்ணன் எழுந்து, கையைத் தூக்கி, "அத்தே, நானும் இருக்கேன்" என்றார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

அம்மா அங்கே கிடந்த ஒரு சாக்கில் உட்கார்ந்தாள். அழுதாள். அண்ணனை எடுத்த அன்று கூட அவள் இப்படி அழவில்லை. அன்றைக்குக் கல்லு மாதிரி இருந்தாள். காலிக் குடோன் இல்லையா, அவள் அழுகை கூரைக்குப் போய், சுவருக்குப் போய்த் திரும்பி வந்தது. ஊரே சேர்ந்து அழுவது போல இருந்தது. மூன்று பேரும் அவளைச் சுற்றித் தரையில் உட்கார்ந்துகொண்டார்கள். பாடுகிற அண்ணன் அறை வாங்கிய கன்னத்தைத் துடைக்கவும் இல்லை.

கொஞ்சம் ஓய்ந்த பிறகு மூக்கைச் சிந்திவிட்டு ஆரம்பித்தாள். "வெளங்காத பயலுகளா. அறிவிருக்காடா ஒங்களுக்கு? இப்பிடியாடா படம் புடிப்பாய்ங்க? கட்டையில…" என்று வந்தவள் டக்கென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பரவால்லத்தே, முழுசாத் திட்டுங்க" என்றார் பாடுகிற அண்ணன். அவருடைய கண்ணும் நிறைந்திருந்தது.

"திட்ட மாட்டேன் போ." அவர் கையிலிருந்த பொட்டலத்தை வாங்கி ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டாள். "உப்பே பத்தல. இதத்தான் தெனமும் திங்கிறீங்களா?"

"ஆமாத்தே."

"என்னத்துக்கு ஆவீங்க." இன்னொரு வாய் எடுத்தாள். பிறகு சுற்றும் முற்றும் பார்த்தாள். "அவன் எங்கன உக்காருவான்?"

பேஸ் அண்ணன் கையைக் காட்டினார். டிரம்ஸுக்கும் சுவருக்கும் நடுவில் கீபோர்டு வைக்கிற இரும்பு ஸ்டாண்டு விரித்தபடி நின்றது. அதன் மேல் ஒன்றுமில்லை. ஒயர் மட்டும் சுருட்டி, நுனியைத் துணியில் சுற்றி, தயாராகத் தொங்கியது. இரவல் கீபோர்டைக் கூட அவர்கள் அங்கே வைக்காமல் ஒரு ஸ்டூலில்தான் வைத்திருந்தார்கள். ஆறு மாதமாக, மூட்டை ஏறியபோதும் அந்த இடத்தை மட்டும் விட்டு, பெருக்கி வைத்திருந்தார்கள்.

அம்மா ஸ்டாண்டைப் பார்த்தாள். போய் அதைத் தொட்டாள். கையில் தூசி ஒட்டுகிறதா என்று விரலைத் திருப்பிப் பார்த்தாள்.

"சாயங்காலம் வந்து தூக்கிட்டு வாங்க," என்றாள். "கொசுவல கிழிஞ்சா நான் மனுசியா இருக்க மாட்டேன்."

அன்றைக்கே புது ஃப்ளெக்ஸ் அடித்தோம். அதற்கான உத்தரவெல்லாம் அம்மாவுடையது. "கலர்ல அடி. பல்லு தெரியச் சிரிக்கச் சொல்லு. அந்தப் பொகையெல்லாம் வேணாம்." பின்னால் அருவி வைத்தேன். ஓனர் தன் பங்குக்கு ஒரு சிங்கத்தையும் வைத்துவிட்டார். பாடுகிற அண்ணன் அதைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாலாவது இடத்தில் அண்ணனை வைத்தேன். குடோனில் கொட்டாவி விடும்போது நான் எடுத்த படம். பார்க்கிறவர்களுக்குச் சிரிக்கிற மாதிரி இருக்கும். வெளுப்பாக்கவில்லை.

கோச்சடை மண்டபத்துக்கு அப்படி ஒரு கூட்டம் அதற்கு முன் வந்திருக்காது. முன்னால் கறுப்பு டீ சர்ட் போட்ட காலேஜ் பிள்ளைகள். பின்னால் எங்கள் ஊரிலிருந்தும் கல்லுப்பட்டியிலிருந்தும் லோடு ஆட்டோவில் வந்த சனம். செத்துப் பிழைத்தவர்களைப் பார்க்க வந்தவர்கள். பந்தல்காரரும் வந்திருந்தார். மாலைக்காரர் அன்றைக்குப் போடாமல் திருப்பிக் கொண்டுபோன கணக்கைத் தீர்க்கப் புதிதாக மூன்று மாலை கட்டி வந்து, மேடையேறி ஒவ்வொருவர் கழுத்திலும் போட்டுவிட்டு, "நல்லா இருக்கணும்" என்று கும்பிட்டார். காலேஜ் பிள்ளைகள் இதெல்லாம் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்து விசில் அடித்தார்கள். எங்களுக்கு முன்னால் வாசித்த பேண்டு பொறாமையோடு பார்த்தது.

அம்மா முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நான் கீபோர்டைப் போட்டேன். பச்சை விளக்கு எரிந்தது. ஜீன்ஸ் பையிலிருந்து கொட்டைகளை எடுத்தேன். முதல் கட்டையை அழுத்தினேன். செருகினேன். ம்ம்ம்.

வந்தது. அதே தூசியோடு வந்தது. மண்டபம் சின்னது, ஆட்கள் நெருக்கி நின்றதால் மூட்டை அடுக்கிய குடோன் போலத்தான் இருந்தது. எதிரொலி எதுவும் இல்லை. அந்த ஒரு சத்தம்தான் எல்லாவற்றுக்கும் பின்னால் போய் நின்றது. கிதார் ஒரு தட்டு. இன்னொரு தட்டு. காலேஜ் பிள்ளைகள் கண்ணை மூடித் தலையை ஆட்ட ஆரம்பித்தார்கள்.

அப்போது முதல் வரிசையிலிருந்து, பக்கத்து நாற்காலிக்காரரிடம் கேட்பதாக நினைத்துக்கொண்டு அம்மா மண்டபத்துக்கே கேட்டாள். "இன்னும் மைக்செட்டுதான் சரி பாக்குறாய்ங்களா? எப்பப் பாட்டு ஆரம்பிக்கும்?"

"இதுதான்த்தே பாட்டு!" என்று மைக்கிலேயே சொன்னார் பாடுகிற அண்ணன். மண்டபம் சிரித்தது. அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். பிறகு அழவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கடைசிப் பாட்டில் ஒரு கொட்டை நழுவித் தெறித்து எங்கேயோ போய்விட்டது. சுரம் அறுந்தது. பேஸ் அண்ணன் சட்டென்று திரும்பிப் பார்த்தார். குனிந்து தேட நேரமில்லை. அந்தக் கட்டையில் என் விரலையே வைத்து அழுத்திக்கொண்டேன். மற்றதை எல்லாம் ஒரு கையால் சமாளித்தேன். ஒன்றிரண்டு இடத்தில் தப்பாகப் போனது. அந்த விரலை மட்டும் பாட்டு முடிகிற வரைக்கும் எடுக்கவில்லை. முடிந்தபோது விரல் மரத்துப்போயிருந்தது. கை தட்டுகிற சத்தம் கேட்ட பிறகும் எடுக்க மனசு வராமல் நின்றேன். டிரம்ஸ் அண்ணன் எழுந்து வந்து, "பாப்பா, போதும், கச்சேரி முடிஞ்சிருச்சு" என்று என் கையைத் தூக்கி எடுத்தார்.

பஸ்ஸில் வரும்போது அம்மாவிடம், எப்படி இருந்தது என்று கேட்டேன். "பாட்டு பரவால்ல. ஆனா ஒவ்வொண்ணும் ஆரம்பிக்கிறதுக்குள்ள ஒரு வேலைய முடிச்சுட்டு வந்துரலாம்" என்றாள். கொஞ்ச தூரம் போன பிறகு, "அவன் வாசிச்சா எனக்கு ஒரு நாளும் போய்க் கேக்கத் தோணலையே" என்றாள். நான் அவளுடைய தோளில் சாய்ந்துகொண்டேன்.

கீபோர்டு இப்போது குடோனில் அந்த ஸ்டாண்டில்தான் இருக்கிறது. கட்டிலில் நான் படுக்கிறேன். வலையை இறக்கிவிடாமல் தூங்கிவிட்டால் மறுநாள் காலையில் திட்டு விழும். மூன்று அண்ணன்மாரும் வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். பழைய வசவு இன்னும் திரும்பவில்லை. அதற்குப் பதிலாக, "வாங்கடா, செத்துப் பொழச்சவய்ங்களா" என்று ஆரம்பித்திருக்கிறாள். அவர்களுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. அடுத்த பாட்டுக்கு அதையே பெயராக வைக்கலாமா என்று பேச்சு ஓடுகிறது.

நேற்று சாயங்காலம் நான் கடையிலிருந்து வந்தபோது அம்மா வழக்கம் போலப் புளி உடைத்துக்கொண்டிருந்தாள். கொட்டையெல்லாம் ஒரு சாக்கில் விழுந்துகொண்டிருந்தது. பக்கத்தில் புதிதாக ஒரு சின்னக் கிண்ணம். அதில் தனியாகக் கொஞ்சம் கொட்டை, எல்லாம் ஒரே பருமனில். இது என்ன என்று கேட்கவில்லை. காலைக் கழுவிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் கையிலிருந்த ஒன்றை விரலில் உருட்டிப் பார்த்து, வெளிச்சத்தில் காட்டி, என்னிடம் நீட்டினாள்.

"இது தேறுமான்னு பாரு புள்ள."